ஜென்டூ களஞ்சியத்தின் இயல்பிருப்பு அடைவுகள்: ஒரு மதிப்பீடு

ஜென்டூ என்பது மென்பொருள்களை மூலநிரலிலிருந்து பயனரின் கணினியிலேயே கட்டி நிறுவும் லினக்ஸ் வழங்கல். அதன் பொதி மேலாளரின் பெயர் போர்ட்டேஜ். ஒவ்வொரு பொதியையும் எவ்வாறு இறக்கி, கட்டி, நிறுவ வேண்டும் என்பதைச் சொல்லும் சிறு கோப்புக்கு ஈபில்ட் என்று பெயர். ஈபில்ட்களின் பெருந்தொகுப்பே ஜென்டூ களஞ்சியம். இக்களஞ்சியம் கணினியில் எந்த அடைவில் இருக்க வேண்டும் என்பதற்கான இயல்பிருப்பு நெடுங்காலம் /யுஎஸ்ஆர்/போர்ட்டேஜ் என்பதாக இருந்தது. 2018-இல் உருவாக்குநர்கள் விரிவாக விவாதித்தபின் ஜென்டூ மன்றம் அதை மாற்ற முடிவு செய்தது. 2019-இல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. இம்மாற்றம் எதைச் சரிசெய்தது, எதைச் சரிசெய்யாமல் விட்டது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அடைவுகளின் பெயர்கள் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கும். இங்கே அவை ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

இடத்தேர்வு ஏன் முக்கியம்

"எந்த அடைவில் இருந்தால் என்ன, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் வேறிடத்துக்குப் போய்விடுமே" என்று கேட்கலாம். மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. இயல்பிருப்பு என்பது மாற்றாதவர்களுக்காகப் பிறர் எடுத்து வைத்த முடிவு.

அடைவின் பெயர் ஒரு வாக்குறுதியும் ஆகும். காப்புநகல் எடுக்கும் நிரல் எதை எடுக்க வேண்டும், எதை விடலாம் என்பதை அடைவின் பெயரைக் கொண்டே தீர்மானிக்கிறது. வட்டில் இடம் போதாதபோது எதை அழிக்கலாம் என்று பயனர் பெயரைப் பார்த்தே முடிவெடுக்கிறார். வட்டைப் பிரிப்பவர் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்று கணக்கிடுவதும் அப்படியே. ஆகவே ஓர் இயல்பிருப்பு அடைவை மதிப்பிடச் சரியான கேள்வி ஒன்று உண்டு: இதிலுள்ளது அழிந்தால் யார் திருப்பித் தருவார்?

விடை மூன்று வகையாக இருக்கலாம். இணையம் திருப்பித் தரும். கணினி தன் உழைப்பால் திருப்பித் தரும். ஒருவரும் தர முடியாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிப்பகத்தாரின் விலைப்பட்டியலும், படியெடுத்த வினாத்தாள் கட்டும், இருப்புப் பதிவேடும் இருக்கும். பட்டியல் போனால் பதிப்பகத்துக்கு எழுதி வாங்கலாம். படிகள் போனால் மூலத்தை வைத்து மீண்டும் படியெடுக்கலாம். இருப்புப் பதிவேடு போனால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து, "பழைய தாள்" என்று சீட்டு ஒட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய இடம்: /யுஎஸ்ஆர்/போர்ட்டேஜ்

ஜென்டூவைத் தொடங்கியவர் டேனியல் ராபின்ஸ். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் என்னும் முறை அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. போர்ட்டேஜ் என்ற பெயரே அதை நினைவூட்டும். ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட்ஸ் தொகுப்பின் வழக்கமான இடம் /யுஎஸ்ஆர்/போர்ட்ஸ். அதைப் பின்பற்றியே ஜென்டூவில் /யுஎஸ்ஆர்/போர்ட்டேஜ் வந்தது. ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002-இல் வெளியானது. அன்றிலிருந்து 2019 வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் இந்த இயல்பிருப்பு நிலைத்தது.

இவ்வடைவுக்குள் ஈபில்ட்கள் மட்டும் இருக்கவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய மூலநிரல் கட்டுகள் டிஸ்ட்ஃபைல்ஸ் என்ற உள்ளடைவில் இருந்தன. பயனரின் கணினி கட்டி முடித்துச் சேமித்த இருமப் பொதிகள் பேக்கேஜஸ் என்ற உள்ளடைவில் இருந்தன. அதாவது, இயல்பால் வேறுபட்ட மூன்று பொருள்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இதன் விளைவை ஒத்திசைவுக் கட்டளையிலேயே காணலாம். களஞ்சியத்தைப் புதுப்பிக்கும்போது போர்ட்டேஜ் ஆர்சிங்க் என்ற நிரலை அழைக்கிறது. வழங்கியில் இல்லாத கோப்புகளைக் கணினியிலிருந்தும் நீக்கிவிடு என்பது அதற்குத் தரப்படும் ஆணைகளுள் ஒன்று. இந்த ஆணையை அப்படியே விட்டால் டிஸ்ட்ஃபைல்ஸும் பேக்கேஜஸும் ஒவ்வொரு ஒத்திசைவிலும் துடைத்தெறியப்படும். எனவே "டிஸ்ட்ஃபைல்ஸைத் தொடாதே, பேக்கேஜஸைத் தொடாதே, லோக்கல் என்பதைத் தொடாதே" என்று மூன்று விதிவிலக்குகள் இயல்பிருப்பு அமைப்பிலேயே எழுதப்பட்டன.

ஓர் அடைவை அதன் சொந்தக் கருவியிடமிருந்தே காப்பாற்ற விதிவிலக்குகள் தேவைப்பட்டால், பொருள்கள் தவறான இடத்தில் உள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டாம். விதிவிலக்குப் பட்டியலில் இல்லாத இடத்தில் பயனர் தாமே எழுதிய ஈபில்டை வைத்தால் அடுத்த ஒத்திசைவில் அது காணாமல் போகும். புதியவர்கள் பலர் இப்பாடத்தை ஒரு கோப்பை இழந்தே கற்றிருப்பார்கள்.

பெயரிலும் ஒரு குறை இருந்தது. போர்ட்டேஜ் என்பது பொதி மேலாளரின் பெயர். களஞ்சியத்தின் பெயர் ஜென்டூ. இதே களஞ்சியத்தைப் படித்துப் பொதிகளை நிறுவும் பலூடிஸ், பிகேஜிகோர் ஆகிய வேறு மேலாளர்களும் உண்டு. கருவியின் பெயரைத் தரவுக்குச் சூட்டியது, இரண்டும் ஒன்றே என்ற மயக்கத்தைத் தந்தது.

கோப்பு முறைமைத் தரம் சொல்வது

லினக்ஸ் வழங்கல்களில் எந்த அடைவில் எது இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பொதுத் தரம் உண்டு. அதன் முதல் வடிவம் 1994 பிப்ரவரியில் வெளியானது. இப்போது கோப்பு முறைமைப் படிநிலைத் தரம் எனப்படும் அதன் 3.0 பதிப்பு 2015-இல் லினக்ஸ் அறக்கட்டளையால் வெளியிடப்பட்டது. இத்தரம் கோப்புகளை இரண்டு கேள்விகளால் வகைப்படுத்துகிறது. ஒன்று, பல கணினிகள் பகிர்ந்துகொள்ளத் தக்கதா? இரண்டு, நிர்வாகி தலையிடாமல் மாறுவதா, மாறாததா?

/யுஎஸ்ஆர் என்பது பகிரத்தக்க, மாறாத தரவுக்கான இடம். அதைப் படிக்க மட்டும் முடியும்படி ஏற்றிவைத்தாலும் கணினி இயங்க வேண்டும் என்பது கருத்து. பெரிய மென்பொருள் தொகுப்புகள் /யுஎஸ்ஆரின் கீழ் நேரடி உள்ளடைவு ஒன்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் தரம் சொல்கிறது. நாள்தோறும் ஒத்திசைவில் மாறும் களஞ்சியத்தை /யுஎஸ்ஆர்/போர்ட்டேஜில் வைத்தது இவ்விரண்டையும் மீறியது.

/வார் என்பது மாறும் தரவுக்கான இடம். அதற்குள் /வார்/லிப் என்பது குறிப்பிட்ட ஒரு கணினிக்கே உரிய நிலைத்தகவலுக்கு உரியது. /வார்/கேஷ் என்பது நேரமோ உழைப்போ செலவிட்டுப் பெற்ற, ஆனால் மீண்டும் பெறத்தக்க தரவுக்கு உரியது. இங்கே தரத்தின் சொற்கள் கண்டிப்பானவை: /வார்/கேஷில் உள்ளதை அழித்தாலும் தரவு இழப்பு நேரக் கூடாது, செயலி அதை மறுபடி உருவாக்கவோ மீட்கவோ இயல வேண்டும். இப்படித் தனி அடைவு வைப்பதன் பயன், நிர்வாகி அதற்கென வேறுபட்ட வட்டு ஒதுக்கீட்டையும் காப்புநகல் கொள்கையையும் வகுக்கலாம் என்பதே என்றும் தரம் விளக்குகிறது. நாம் முதலில் எழுப்பிய கேள்வியும் இதுவே.

புதிய இடங்கள்

2018-இல் எடுத்த முடிவின்படி மூன்று பொருள்களும் மூன்று இடங்களுக்குப் பிரிந்தன.

களஞ்சியம்: /வார்/டிபி/ரெப்போஸ்/ஜென்டூ
மூலநிரல் கட்டுகள்: /வார்/கேஷ்/டிஸ்ட்ஃபைல்ஸ்
கட்டிய இருமப் பொதிகள்: /வார்/கேஷ்/பின்பிகேஜிஎஸ்

முதல் பாதையில் உள்ள டிபி பலருக்கு வியப்பளிக்கும். பொதுத் தரத்தின் பட்டியலில் /வார்/டிபி இல்லை. செயலிகள் /வாரின் மேல்மட்டத்தில் புதிய அடைவுகளைச் சேர்க்கக் கூடாது என்பதும் தரத்தின் பொதுவிதி. ஆனால் போர்ட்டேஜ் அதைப் புதிதாகச் சேர்க்கவில்லை. கணினியில் நிறுவப்பட்ட பொதிகளின் பதிவேட்டை அது நெடுங்காலமாக /வார்/டிபி/பிகேஜி என்ற இடத்தில்தான் வைத்துவருகிறது. இதுவும் பிஎஸ்டி குடும்பத்திலிருந்து வந்த வழக்கம்.

வேறிடம் தேடினால் என்ன கிடைக்கும்? களஞ்சியம் ஒரு கணினிக்கே உரிய நிலைத்தகவல் அன்று; வீட்டிலுள்ள நான்கு கணினிகளும் ஒன்றைப் பகிரலாம். எனவே /வார்/லிப் முழுதும் பொருந்தவில்லை. மீண்டும் இறக்கலாம் என்பதால் /வார்/கேஷ் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் ஜென்டூவில் கணினியின் அடிப்படைத் தன்மையைத் தீர்மானிக்கும் புரொஃபைல் களஞ்சியத்துக்குள்தான் இருக்கிறது. /எட்ஸி/போர்ட்டேஜ் அடைவிலுள்ள ஓர் இணைப்பு அதைச் சுட்டுகிறது. கேஷ் என்று நினைத்துக் களஞ்சியத்தை அழித்தால் அந்த இணைப்பு வெறுவெளியைச் சுட்டும். இணையம் இல்லாத நேரத்தில் பொதி மேலாளர் முடங்கும். அழித்தால் பாதிப்பு இல்லை என்னும் வாக்குறுதியை இங்கே காப்பாற்ற முடியாது. ஆகவே களஞ்சியத்தை /வார்/கேஷில் வைக்காதது சரியான முடிவு.

நிறைகள்

முதலாவது, ஒரே அடைவில் கிடந்த மூன்று பொருள்கள் பிரிந்தன. ஒத்திசைவுக் கருவி இப்போது தன் அடைவை முழு உரிமையோடு துடைக்கலாம். அதற்குள் வேறு யாருடைய உடைமையும் இயல்பிருப்பாக இல்லை.

இரண்டாவது, /யுஎஸ்ஆர் தன் வேலைக்குத் திரும்பியது. அதைப் படிக்க மட்டுமான பிரிவாக வைக்க விரும்புவோர், களஞ்சியத்துக்காக அதைத் திறந்து மூட வேண்டியதில்லை.

மூன்றாவது, பாதையின் கடைசிச் சொல் களஞ்சியத்தின் பெயராக மாறியது. ரெப்போஸ் என்ற அடைவின் கீழ் ஜென்டூ ஒன்று. பிறர் பராமரிக்கும் களஞ்சியங்கள் அதன் அருகில் அதே தகுதியோடு அமையலாம். களஞ்சியங்களைச் சேர்க்க உதவும் ஈசெலக்ட் கருவியும் அவற்றை அங்கேயே வைக்கிறது. முன்பு முதன்மைக் களஞ்சியம் ஓரிடம், மேலடுக்குகள் வேறிடம் என்று சிதறியிருந்த நிலை ஒழுங்குபட்டது.

நான்காவது, மாற்றியவர்கள் காட்டிய நிதானம். ஏற்கெனவே இயங்கிய கணினிகளில் பழைய இடம் தொடர்ந்து செல்லுபடியானது. யாருடைய கோப்பையும் வலிந்து நகர்த்தவில்லை. புதிதாக நிறுவுவோருக்குப் புதிய இயல்பிருப்பு. விரும்பிய பழையவர்கள் தாமே நகர்த்திக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் பழகிய கைகளுக்கு இது மரியாதை.

குறைகள்

முதற்குறை டிஸ்ட்ஃபைல்ஸில் இருக்கிறது. அதிலுள்ள கட்டுகளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் இறக்கலாம் என்ற எண்ணத்தில்தான் அது /வார்/கேஷுக்குப் போனது. பெரும்பாலான கட்டுகளுக்கு இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில பொதிகளைத் தானாக இறக்க அவற்றின் உரிமையாளர்கள் அனுமதிப்பதில்லை. உரிம ஒப்பந்தத்தை ஏற்ற பின்பே கிடைக்கும் மென்பொருள்களும், விலைகொடுத்து வாங்கிய விளையாட்டுகளின் தரவுக் கோப்புகளும் இவ்வகை. அத்தகைய பொதியை நிறுவ முயன்றால் போர்ட்டேஜ் நின்றுவிடும். "இன்ன தளத்தில் இக்கோப்பை நீங்களே இறக்கி டிஸ்ட்ஃபைல்ஸ் அடைவில் வையுங்கள்" என்று அறிவிக்கும்.

அப்படிக் கையால் கொண்டுவந்து வைத்த கோப்பைச் செயலியால் மீட்க முடியாது. ஆனால் அது இருக்குமிடமோ, அழித்தால் இழப்பில்லை என்று வாக்குறுதி தரும் /வார்/கேஷ். இது தரத்தின் எழுத்துக்கே முரண். இக்கட்டுரையாளர் தம் கணினியில் இதை அனுபவித்திருக்கிறார். பழைய அச்சுப்பொறி ஒன்றின் இயக்கி இவ்வகைப் பொதி. வட்டில் இடம் குறைந்த ஒரு நாள், கேஷ்தானே என்று /வார்/கேஷின் உள்ளடக்கம் முழுவதையும் அழித்தாயிற்று. சில மாதங்கள் கழித்துப் பொதியை மறுபடி கட்ட வேண்டி வந்தபோது, தயாரித்த நிறுவனம் அந்தக் கோப்பைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது. அச்சுப்பொறி நன்றாக இருந்தும் பயனின்றிப் போயிற்று. அழித்தது கட்டுரையாளரின் கைதான்; ஆனால் அந்தக் கைக்குத் துணிவு தந்தது அடைவின் பெயர். அதே கோப்பு பழைய அடைவில் இருந்திருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பார்.

இக்குறையை ஜென்டூ கருவிகளே ஒப்புக்கொள்கின்றன. டிஸ்ட்ஃபைல்ஸைத் துப்புரவு செய்யும் ஈகிளீன் நிரலில், கடுமையான முறையில் இயக்கும்போது கையால் இறக்க வேண்டிய கோப்புகளைக் காப்பதற்கென்றே ஒரு விருப்பத்தேர்வு உண்டு. துப்புரவுக் கருவிக்கு இவ்வேறுபாடு தெரிகிறது. இடத்தைத் தேர்ந்தவர்கள் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. கையால் வைக்கும் கோப்புகளுக்குக் கேஷுக்கு வெளியே ஓர் அடைவைத் தந்திருந்தால் போதும்.

பின்பிகேஜிஎஸ் அடைவுக்கும் இதில் ஓரளவு பங்குண்டு. கட்டிய பொதியைக் கணினி மறுபடி கட்டித் தரும். ஆகவே அது கேஷ் எனலாம். ஆனால் களஞ்சியம் முன்னேறிக்கொண்டே இருப்பது. பழைய பதிப்பின் ஈபில்ட் நீக்கப்பட்டபின், முன்பு கட்டிவைத்த அந்தப் பதிப்பை எளிதில் மறுபடி கட்ட முடியாது. புதிய பதிப்பு பழுதானால் திரும்பிச் செல்வதற்கென்றே பலர் இருமப் பொதிகளைச் சேமிக்கிறார்கள். அவர்களுக்கு அது மீட்புக் கயிறு; பெயரோ கேஷ்.

இரண்டாம் குறை அண்டை வீட்டைப் பற்றியது. /வார்/டிபி/பிகேஜி என்பது நிறுவப்பட்ட பொதிகளின் பதிவேடு. அது அழிந்தால், கணினியில் எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குரியது என்று போர்ட்டேஜுக்குத் தெரியாது. ஒன்றுமே நிறுவப்படவில்லை என்றே அது கருதும். இணையத்தில் எங்கும் அதன் படி இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, எப்போதும் மறுபடி இறக்கத்தக்க களஞ்சியம் இப்போது குடிவந்திருக்கிறது. /வார்/டிபியைக் காப்புநகலில் சேர் என்று சொன்னால் தேவையற்ற கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்கின்றன. சேர்க்காதே என்று சொன்னால் இருப்புப் பதிவேடே விடுபடுகிறது. பழைய அமைப்பில் இச்சிக்கல் இல்லை. /யுஎஸ்ஆர்/போர்ட்டேஜை விட்டுவிட்டு /வார்/டிபியை முழுதாக எடுத்தால் போதுமாயிருந்தது.

மூன்றாம் குறை இதன் தொடர்ச்சி. ஈசெலக்ட் கருவியால் பயனர் தமக்கென ஒரு களஞ்சியத்தை உருவாக்கினால், இயல்பிருப்பாக அதுவும் /வார்/டிபி/ரெப்போஸின் கீழேயே அமைகிறது. பயனர் தம் கையால் எழுதிய ஈபில்ட்கள் அவருடைய படைப்பு. இணையம் அவற்றைத் திருப்பித் தராது. இறக்குமதிச் சரக்கும் சொந்தக் கையெழுத்துப் படியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு கலப்பை நீக்கிய மாற்றம் இன்னொரு கலப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது.

நான்காம் குறை வட்டைப் பிரித்தவர்களுக்கானது. களஞ்சியத்தில் உள்ள சிறு கோப்புகளின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு தேவை. வழக்கமான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஓர் ஐநோடு என்ற கணக்கில் அவை முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. 1 ஜிகாபைட் அளவுள்ள பிரிவில் 65,536 ஐநோடுகளே இருக்கும். சிறிய /வார் பிரிவு வைத்திருப்பவர் களஞ்சியத்தை அங்கே நகர்த்தினால், வட்டில் இடம் மீதமிருக்கும்போதே "இடமில்லை" என்ற பிழைச்செய்தி வரும். இது புதிய இடத்தின் பிழை அன்று. ஆனால் இடம் மாற்றுவோருக்கு முதலில் சொல்ல வேண்டிய எச்சரிக்கை.

பிற வழங்கல்களோடு ஒப்பீடு

இச்சிக்கல் ஜென்டூவுக்கு மட்டும் உரியதன்று. டெபியனில் களஞ்சியத்தின் முகவரிகள் /எட்ஸி/ஆப்ட் அடைவில் உள்ளன. இறக்கிய பொதிப்பட்டியல்கள் /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் அடைவிலும், இறக்கிய பொதிகள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் அடைவிலும் வைக்கப்படுகின்றன. நிறுவப்பட்டவற்றின் பதிவேடு தனியே /வார்/லிப்/டிபிகேஜியில் உள்ளது. பதிவேடும் பட்டியலும் வெவ்வேறு அடைவுகளில் இருப்பதால் காப்புநகல் எடுப்பது எளிது.

ஆர்ச் லினக்ஸின் பேக்மேன், பதிவேட்டையும் இறக்கிய பட்டியலையும் /வார்/லிப்/பேக்மேன் என்ற ஒரே அடைவின் கீழ் லோக்கல், சிங்க் என்ற இரு பிரிவுகளாக வைக்கிறது. ஜென்டூவின் இரண்டாம் குறை இங்கும் உண்டு. ஆனால் பட்டியல் சில கோப்புகளே ஆனதால் பாதிப்பு சிறிது.

ஃபெடோராவின் டிஎன்எஃப் இறக்கிய பட்டியலை /வார்/கேஷில் வைக்கிறது. அங்கே அது உண்மையிலேயே கேஷ். பதிவேட்டின் கதை வேறு. நெடுங்காலம் /வார்/லிப்/ஆர்பிஎம்மில் இருந்த அதை 2022-இல் வந்த ஃபெடோரா 36 /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ்/ஆர்பிஎம்முக்கு மாற்றியது. நிறுவிய கோப்புகள் /யுஎஸ்ஆரில் இருக்கின்றன. /யுஎஸ்ஆரைப் பழைய நிலைக்குத் திருப்பினால் பதிவேடும் கூடவே திரும்ப வேண்டும் என்பது காரணம். சரக்கு இருக்கும் அறையிலேயே அதன் பதிவேடும் இருக்கட்டும் என்ற முடிவு இது. ஜென்டூ /யுஎஸ்ஆரிலிருந்து வெளியேற, ஃபெடோரா அதற்குள் நுழைந்தது முரணாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு பொருள்களைக் குறித்து அளித்த விடைகள். ஒன்று பட்டியலை வெளியேற்றியது. மற்றொன்று பதிவேட்டைச் சரக்கோடு சேர்த்தது.

மதிப்பீடு

2019-இன் மாற்றம் தேவையானது, பெரும்பகுதி சரியானது. /யுஎஸ்ஆரை விட்டு வெளியேறியதும், மூன்று பொருள்களைப் பிரித்ததும், பழைய பயனர்களைத் தொந்தரவு செய்யாததும் பாராட்டுக்குரியவை. /வார்/டிபி தரத்தில் இல்லை என்பது பெருங்குற்றம் அன்று. தரத்தின் இரு அடைவுகளும் பொருந்தாத இடத்தில், முன்பே பழகிய ஒன்றைத் தேர்ந்தது ஏற்கத்தக்கது.

விவாதத்தின் எடை எந்தப் பெயர் தரத்துக்கு உகந்தது என்பதில் விழுந்தது. அழிந்தால் யார் திருப்பித் தருவார் என்ற கேள்வியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கேட்டிருந்தால், கையால் இறக்கிய கோப்புகளும் பயனர் எழுதிய ஈபில்ட்களும் வேறிடம் பெற்றிருக்கும். இவ்விரண்டும் மனித உழைப்பால் வந்தவை. மாற்றத்தில் இயந்திரம் கொண்டுவந்தவற்றுக்கு நல்ல வீடு கிடைத்தது. மனிதர் கொண்டுவந்தவை அவற்றின் ஓரத்தில் தங்கிவிட்டன.

அதுவரை ஜென்டூ பயனர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. காப்புநகலில் /எட்ஸி/போர்ட்டேஜ், /வார்/டிபி/பிகேஜி, தாம் விரும்பி நிறுவிய பொதிகளின் பட்டியலான /வார்/லிப்/போர்ட்டேஜ்/வேர்ல்ட் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். /வார்/டிபி என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது. சொந்தக் களஞ்சியத்தை உருவாக்கும்போது பாதையைத் தாமே கொடுத்து, /யுஎஸ்ஆர்/லோக்கலிலோ வேறு பாதுகாப்பான இடத்திலோ வைப்பது நல்லது. கையால் இறக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் வீட்டு அடைவில் ஒரு படி இருக்கட்டும். பழைய கணினியில் களஞ்சியத்தை நகர்த்துமுன் /வார் பிரிவில் எத்தனை ஐநோடுகள் மீதமுள்ளன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். களஞ்சியம் புதிய இடத்தில் சரியாக ஒத்திசைந்து, புரொஃபைல் இணைப்பும் அதையே சுட்டுகிறது என்று உறுதிசெய்த பின்னரே பழைய /யுஎஸ்ஆர்/போர்ட்டேஜை நீக்க வேண்டும். நீக்குமுன் அதன் டிஸ்ட்ஃபைல்ஸ் உள்ளடைவை ஒருமுறை திறந்து பாருங்கள். இனி எங்கும் கிடைக்காத கோப்பு ஒன்று அங்கே இருக்கக்கூடும்.